எண்ணெய் தின்னும் கூட்டம்

ஜூலை 18, வியாழன்

ரத்னபாய் சிஸ்டர் இன்று மதியம் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணனின் கல்லா மேசை மேல் வைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். சிஸ்டர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனின் ஓட்டலை ஒட்டிய வீட்டில் அவரும் கணவர் தாசன் சாரும் இருக்கிறார்கள்.

"மோந்து பாரு வைகுண்டம். எங்க வீட்டு வாசல்ல நிக்கித தண்ணி இது. அவுக ஆறு மாசமாக் கட்டில்ல கெடக்காவ. ஜன்னலத் தொறந்து காத்து வாங்கக் குடுத்து வைக்கல. உன் பரோட்டா நாத்தத்தை மோந்துட்டுத்தான் சாவணுமா மனுசன்?"

அண்ணன் எழுந்து நின்று, "ஆளு விட்டு அடைப்ப எடுக்கச் சொல்லுதேன் சிஸ்டர்" என்றான்.

"போன வாரமும் இதத்தான் சொன்ன."

வாளியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணி ஜெயக்கொடியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிதான் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினார். எங்கே கொட்டினார்? அதே சாக்கடையில்தான்.

நான் ஆடிக்கு வந்திருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடமான பிறகும் ஆடிக்குப் பிறந்த வீடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது. சாலை முழுக்க வண்டிகள். அண்ணனுக்கு யாரையும் எதுவும் கேட்க நேரமில்லை.

ஜூலை 19, வெள்ளி

சிஸ்டர் சும்மா இருக்கவில்லை, போன வாரமே புகார் கொடுத்திருக்கிறார். பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. ஆகஸ்ட் பதினாறாம் தேதி வந்து தண்ணீரைச் சோதிப்பார்கள். எண்ணெய் கலந்து வெளியேறினால் ஓட்டலுக்குச் சீல்.

சாயங்காலம் இரண்டு பேர் சாக்கடைக் கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன, உருகி உறைந்த மெழுகு மாதிரி. பாமாயில். கல்லிலும் சட்டியிலும் சூடாக இருக்கும்போது தண்ணீராக ஓடுகிறது. சாரல் பட்ட சாக்கடையில் இறங்கியதும் உறைந்துவிடுகிறது. இன்றைக்கு எடுத்தாலும் அடுத்த வாரம் திரும்ப அடைக்கும். இதை அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுத?"

"எண்ணெயத் திங்கிற பாக்டீரியா இருக்குண்ணே. காலேஜ்ல என் புராஜெக்டே அதுதான்."

"பூச்சிய விட்டுச் சாக்கடைய சுத்தம் பண்ணப் போறியாக்கும்?" என்று சிரித்தான். பிறகு நோட்டீஸை மறுபடி எடுத்துப் படித்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூலை 21, ஞாயிறு

மதுரையிலிருந்து அவர் மதினியின் போனுக்குக் கூப்பிட்டார். என் போனில் சார்ஜ் இல்லை என்று மதினியைச் சொல்லச் சொன்னேன். சார்ஜ் இருந்தது.

ஜூலை 22, திங்கள்

பாளையங்கோட்டை. எமிமா மேடம் இன்னும் அதே ஆய்வகத்தில், அதே பச்சை நாற்காலியில். நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு பழைய எண்ணெய்ச் செக்கின் முற்றத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை மேடம் உறைநிலையில் பாதுகாத்து வைத்திருக்கிறார். நான் எதிர்பார்க்கவில்லை. எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"தூக்கிப் போடவா? ரெண்டு பேட்ச் பிள்ளைங்க இத வச்சு வேலை பாத்திருக்காங்க. கெடுதல் பண்ணாத வகைன்னு டெஸ்டும் பண்ணியாச்சு. நீதான் காணாமப் போயிட்ட. ஏன் சக்தி, மேல படிக்கல?"

"கல்யாணம் ஆயிட்டு மேடம்."

"அவர் வேண்டாம்னாரா?"

"அவருக்கு வீட்டுல ஆள் வேணும்."

மேடம் எழுந்து அந்தப் பாக்டீரியா இருந்த இரண்டு சிறு குழாய்களைப் பஞ்சில் சுற்றி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் தூங்கவில்லை. டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 25, வியாழன்

ஒரு கேனில் கொதிக்கவைத்து ஆற வைத்த தண்ணீர், மேடம் தந்த பாக்டீரியா, அது தின்ன இரண்டு கரண்டி பழைய பரோட்டா எண்ணெய், சத்துக்குத் துளி யூரியா, துளி டி.ஏ.பி. உரம். மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் ஒன்று. இவ்வளவுதான் என் ஆய்வகம். இடம், ஓட்டலின் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

முதல் நாள் எண்ணெய் மேலே தனியாக மிதந்தது. நேற்று அதன் ஓரம் கலங்கியது. இன்று காலை பார்த்தால் கேன் முழுக்க நீர்மோர் மாதிரி வெளுத்து, மேலே எண்ணெய்ப் படலமே இல்லை. நான் சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். மதினி ஓடிவந்தார்.

"என்ன புள்ள?"

"தின்னுட்டு மதினி! எல்லாத்தையும் தின்னுட்டு!"

மதினி குனிந்து பார்த்துவிட்டு, "நீ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் எப்போதும் போலத்தானே இருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

கொத்தனார் வேலையை முடித்துவிட்டார். மூன்று அறைத் தொட்டி. முதல் அறையில் தண்ணீர் நின்று, மிதக்கும் எண்ணெய் தங்கும்; அதைத் தினமும் வழித்துச் சோப்புக்காரரிடம் கொடுத்துவிடலாம். வழித்தும் போகாமல் தண்ணீரோடு கலந்து நிற்கும் எண்ணெய் இரண்டாம் அறைக்கு வரும். அங்கேதான் என் ஆட்கள். அடியிலிருந்து பெரிய மோட்டார் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். மூச்சு விடாமல் அவர்களால் வேலை செய்ய முடியாது. மூன்றாம் அறையில் கசடு அடியில் தங்கி, தெளிந்த தண்ணீர் மட்டும் வெளியே போகும்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். "ஏ சக்தி, இது கைகொடுக்கலன்னா நான் இழுத்துப் பூட்டிட்டு எங்கயாவது கூலிக்குத்தான் போவணும்" என்றான். அடுத்து, "ஆடி முடிஞ்சதும் நானே உன்னக் கொண்டு விடுதேன். மாப்ளைட்ட சொல்லிட்டேன்" என்றான்.

இரண்டுக்கும் சரி என்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

கேனில் வளர்த்ததை இரண்டாம் அறையில் ஊற்றினேன். அரை கேன் மட்டும் பின்கட்டிலேயே தனியாக வைத்திருக்கிறேன்.

சமையலறையில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். கொதிக்கும் கஞ்சித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஆசிட் கூடாது. தட்டில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்த பிறகே கழுவ வேண்டும்.

பரோட்டா மாஸ்டர் மாடசாமி, "கண்ணுக்கே தெரியாத ஆளுகளுக்கு இம்புட்டு மரியாதையாக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மாலையில் அவரே கஞ்சியை ஆற வைத்து ஊற்றியதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. உட்கார நேரமில்லாத கூட்டம். சால்னா அண்டா மூன்று முறை காலியானது. மூன்றாம் அறைத் தண்ணீர் பழுப்பாக, ஆனால் விரலில் தொட்டால் பிசுக்கில்லாமல் வருகிறது. கண்ணாடி டம்ளரில் பிடித்து அண்ணனுக்குக் காட்டினேன். வாடிக்கையாளர் யாரோ டீ என்று நினைத்துக் கை நீட்டினார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முதல் அறையை வழித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"முழுக்கைச் சட்டையப் போட்டுக்கிட்டு யாராவது தொட்டியில கை விடுவாவளா? மடக்கி விடு."

"பரவாயில்ல சிஸ்டர்."

அவர் சுற்றிக்கொண்டு வந்தே விட்டார். நர்ஸாக இருந்தவர்களுக்கு அனுமதி கேட்கும் பழக்கம் கிடையாது. ஈரச் சட்டைக் கையைத் தானே முழங்கை வரை மடக்கினார். பிறகு கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இது என்ன?"

"பரோட்டாக் கல்லு பட்டுட்டு."

"கல்லு பட்டா இப்படி ஒரே அளவுல, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, கோடு போட்ட மாதிரி இருக்காது தாயி."

நான் வழிப்பதைத் தொடர்ந்தேன். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார். கையில் களிம்பு. தழும்புக்குக் களிம்பு போட்டு என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் போட்டுவிட்டார்.

மோட்டாரின் சத்தம் சீராகக் கேட்கிறது. இன்று நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

எல்லாம் போயிற்று.

தொட்டியிலிருந்து லேசாகப் புளித்த வாடை வரும், அது இயல்புதான். அதிகாரிகள் வரும்போது நாறக் கூடாதே என்று மதினி நேற்றே ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை மூன்று அறைகளிலும் தூவி, பினாயிலையும் ஊற்றிவிட்டார். காலையில் இரண்டாம் அறையின் மேலே எண்ணெய் திட்டுத் திட்டாக மிதந்தது. கலங்கல் இல்லை, நுரை இல்லை. அத்தனையும் செத்துவிட்டன.

நான் தொட்டியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மதினி பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் சக்தி."

இதே வார்த்தைகளை வேறொரு வாயிலிருந்து பல முறை கேட்டிருக்கிறேன். மதினி சொல்லும்போதுதான் அது உண்மையாக இருந்தது. அதனால் கோபப்பட முடியவில்லை.

"மதினி, புளிக்க வச்ச இட்லி மாவுல பிளீச்சிங் பவுடரப் போடுவியளா?"

"அய்யோ, மாவு வீணாப் போயிருமே."

"இதுவும் மாவு மாதிரிதான். உசிரு இருக்கு."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அண்ணன் கல்லாவுக்குப் போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

அழுதது போதும். பின்கட்டில் அரை கேன் இருக்கிறது.

தொட்டி முழுவதையும் லாரி வைத்து இறைத்தோம். மதினியும் நானும் சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம், பிளீச்சிங் வாடை துளியும் இல்லாமல் போகும்வரை. மாடசாமி பரோட்டாவுக்கு மாவு பிசையும் பெரிய பாத்திரத்தைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். "இதுல போட்டுப் பெருக்குங்கக்கா. நான் இன்னைக்கு அண்டாவுல பெசஞ்சுக்கிடுதேன்." சிஸ்டர் தன் வீட்டு மீன்தொட்டி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். மீன்கள்? "தாசன் சார் பாத்துக்கிடுவாவ. கட்டில்ல கெடந்தமேனிக்கே டம்ளரால தண்ணி மாத்தி விடுதேன்னு சொல்லிட்டாவ. ஒரு வேலை கிடைச்சதுல அவுகளுக்குச் சந்தோசம்."

ஒரு வாரம்தான் இருக்கிறது. முடியுமா என்று அண்ணன் கேட்டான். முடியும் என்றேன். கணக்குப் போட்டுச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவர் அண்ணனிடம் பேசியிருக்கிறார். ஆவணி பிறந்ததும் அவரே வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம். "மாப்ள நல்ல மனுசன். உன்ன அலைய விடக்கூடாதுன்னு சொன்னாரு" என்றான் அண்ணன்.

பாத்திரத்தில் எண்ணெய் இன்னும் மிதக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

விடாத சாரல். குளிர்ந்தால் இவர்களுக்கு வேகம் குறையும். தொட்டியின் மேல் தார்ப்பாய் கட்டி, பக்கச் சுவர்களைச் சாக்கால் சுற்றினோம். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான தண்ணீர் ஆறிப்போகாமல் வர, குழாயைக் குட்டையாக்கி நேராக விட்டோம். பெருக்கியதை ஊற்றியாகிவிட்டது. யூரியா கொஞ்சம் கூட்டினேன்.

மணிக்கொரு தடவை போய்ப் பார்க்கிறேன். மதினி என் பின்னாலேயே டார்ச்சோடு வருகிறார். பகலில் டார்ச் எதற்கு என்று கேட்டேன். "உள்ள இருட்டா இருக்குல்லா" என்றார்.

ஆகஸ்ட் 14, புதன்

கலங்க ஆரம்பித்துவிட்டது. மதினிதான் முதலில் பார்த்தார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

சுகாதார ஆய்வாளரும் இன்னொருவரும் வந்தார்கள். மூன்றாம் அறையிலிருந்து வெளியே விழும் தண்ணீரைக் குப்பியில் பிடித்துச் சீல் வைத்தார்கள். முடிவு வர நான்கைந்து நாளாகும். அதுவரை ஓட்டல் நடக்கலாம்.

"யாரு இதச் செஞ்சது? கம்பெனி ஆளுகளா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அண்ணன் என்னைக் காட்டினான். அவர் என்னைப் பார்த்து, திரும்பத் தொட்டியைப் பார்த்து, "காத்து மோட்டார் நின்னா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அரை மணி நேரம் பேசினோம். இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நேரம் கேள்வி கேட்டு, பதிலையும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வந்தார். கூடவே அவருடைய தாய்மாமா. கையில் அல்வா, பூ. நான் முதல் அறையை வழித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான், எம் பொண்டாட்டியச் சாக்கடை அள்ள விட்டிருக்கீங்க?" என்று சிரித்தபடி கேட்டார். என்னிடம் திரும்பி, "போய்க் குளிச்சிட்டுப் பெட்டிய எடு. மூணு மணிக்கு வண்டி" என்றார். குரல் மென்மையாகத்தான் இருந்தது. வெளியாட்கள் முன்னால் எப்போதும் அப்படித்தான்.

நான் கரண்டியைத் தொட்டி விளிம்பில் வைத்தேன்.

"நான் வரல."

அண்ணன் பதறினான். "ஏ புள்ள, என்ன பேச்சு இது? எதுனாலும் உள்ள போயிப் பேசுவோம்."

"உள்ள வேண்டாம்ணே. இங்கயே பேசுவோம்."

இடது கைச் சட்டையை மேலே ஏற்றினேன். அண்ணனுக்கு முன்னால் கையை நீட்டினேன்.

அண்ணன் பார்த்தான். மதினி, "அய்யோ" என்றார். மதில் பக்கம் சிஸ்டர் வந்து நிற்பது தெரிந்தது.

"என்ன மாப்ள இது?" அண்ணன் கேட்டான்.

"அடுப்புல பட்டிருக்கும் மச்சான். அவளுக்கு என்னைக்குக் கவனம் இருந்துச்சு?"

அண்ணன் தன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான். அவன் கை முழுக்கத் தழும்புகள். சிறியது, பெரியது, கோணலும் மாணலுமாக.

"இருவது வருசம் நானே கல்லுல நின்னவன். அடுப்பு எப்படிச் சுடும்னு எனக்குத் தெரியும். சுட்டா கைய எடுத்துருவோம் மாப்ள. மறுபடி அதே எடத்துக்குப் பக்கத்துல வச்சுக் குடுக்க மாட்டோம்."

தாய்மாமா, குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று தொடங்கினார். அண்ணன் அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே திணித்தான்.

"வண்டி மூணு மணிக்கில்லா? இப்பமே கெளம்புங்க."

அவர்கள் போன பிறகு அண்ணன் தொட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கொண்டு விடுதேன், கொண்டு விடுதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே" என்றான். நான் அவன் தோளில் கை வைத்தேன். கை எண்ணெயாக இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

முடிவு வந்தது. எண்ணெயின் அளவு வரம்புக்குக் கீழே. ஓட்டலுக்குச் சீல் இல்லை. அண்ணன் எல்லா மேசைக்கும் கேசரி வைக்கச் சொன்னான். சாலையில் மேற்கே இருக்கும் இன்னொரு ஓட்டல்காரர் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தன் கடைக்கும் வர முடியுமா என்று என்னிடமே கேட்டார். அடுத்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர் மாலையில் வந்தார். "இது ஒரு வேலை முடிஞ்சுது. இன்னொண்ணு பாக்கி இருக்கு" என்றார். தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அனைத்து மகளிர் காவல் நிலையம். அண்ணன், மதினி, சிஸ்டர், நான். ஓட்டலை மாடசாமியிடம் விட்டுவிட்டு வந்தோம்.

இதுவரை இந்த நாட்குறிப்பில்கூட எழுதாததை அங்கே சொன்னேன். போன ஆனி மாதம், குழம்பில் உப்புக் கூடியதற்காக, என் கணவர் தோசைத் திருப்பியை அடுப்பில் காய வைத்து என் இடது கையில் மூன்று முறை வைத்தார். கத்தினால் நான்காவது என்றார். நான் கத்தவில்லை. அதற்கு முந்தைய சம்பவங்களையும் சொன்னேன். சிஸ்டர், தழும்பைத் தான் பார்த்த தேதியைச் சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுதிக்கொண்டிருந்த ஏட்டம்மா விவரங்களைக் கேட்டார். பெயர், பிரம்மசக்தி. வயது, இருபத்தெட்டு.

"என்ன வேலை?"

"வீட்டுலதான்…" என்று அண்ணன் தொடங்கினான்.

"ஓட்டல் கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ணுத வேலை" என்றேன். "எண்ணெயத் திங்கிற பாக்டீரியா வச்சு."

ஏட்டம்மாவின் பேனா நின்றது. தலையை நிமிர்த்தினார்.

"நெசமாவா? எங்க குவார்ட்டர்ஸ் சாக்கடையும் அடைச்சுக்கிட்டுத்தாம்மா கெடக்கு. ஒரு நாள் வந்து பாக்கியளா?"

"வாறேன் மேடம்" என்றேன். "மொதல்ல இத எழுதி முடிங்க."